நகம் வெட்டிக் கொடுத்த நர்ஸ்கள்

எங்கள் தாத்தா 90 வயது வரை சுருட்டுப் பிடித்தார். ஒன்றும் ஆகவில்லையே? (திண்டுக்கல்)

தாத்தா சரி. அவரோடு திண்ணையில் உட்கார்ந்து பிடித்தவர்கள் எங்கே? அவர்கள் சார்பில் கேள்வி அனுப்ப ஆளில்லை. பிரிட்டனில் 1951-இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் டாக்டர்களுக்கே கடிதம் போட்டு, ‘புகைப்பீர்களா?’ என்று கேட்டார்கள். 34,439 ஆண் டாக்டர்களை 50 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். சிகரெட்டை விடாதவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். 60 வயதில் விட்டவருக்குக்கூட மூன்று ஆண்டு திரும்பக் கிடைத்தது.

ஏன் டாக்டர்கள்? (சேலம்)

டாக்டர் வீடு மாறலாம், ஆனால் மருத்துவப் பதிவேட்டில் பெயர் இருக்கும்; தேடிப் பிடித்துவிடலாம்.

ஆராய்ந்தவர் சிகரெட்டை விட்டாரா? (கும்பகோணம்)

டால் விட்டார். நுரையீரல் புற்றுநோய் எதனால் வருகிறது என்பதில் முதலில் அவருக்குத் தார் ரோட்டின் மேல்தான் சந்தேகம். டாக்டர்களுக்குக் கடிதம் போடுமுன் எடுத்த லண்டன் மருத்துவமனை நோயாளிகளின் கணக்கைப் பார்த்ததும் தானே நிறுத்தினார்.

அந்த நோயாளிகளோடு முடித்திருக்கலாமே? எதற்கு 50 ஆண்டு? (மதுரை)

நோய் வந்தவர் ‘எதனால் வந்தது?’ என்று தேட ஆரம்பித்திருப்பார். ஞாபகமும் அந்தப் பக்கமே சாயும். வருமுன் கேட்டு எழுதிவைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் 1976-இல் 1,21,700 நர்ஸ்களோடு தொடங்கிய ஆய்வில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கேள்வித்தாள் போனது. 1980-களில் கால் நகத்தையும் வெட்டி அனுப்பச் சொன்னார்கள். 60,000 பேருக்குமேல் அனுப்பினார்கள். (நம் வீட்டில் ராத்திரி நகம் வெட்டினாலே திட்டு விழும்.) நகத்திலுள்ள செலினியம் மார்பகப் புற்றுநோயைத் தடுக்கிறதா என்று பார்த்தார்கள். தடுப்பதாகத் தெரியவில்லை. இப்படி ‘இல்லை’ என்று தெரிந்துகொள்ளவும் இத்தனை பாடு.

காரட் சாப்பிட்டால் புற்றுநோய் வராதாமே? (ஊட்டி)

காய்கறி நிறையச் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் சொன்னதும், பெருமையைக் காரட்டிலுள்ள பீட்டா கரோட்டினுக்குக் கொடுத்தார்கள். பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அதை மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: மாத்திரை விழுங்கியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! காய்கறி தின்பவர் சிகரெட்டையும் குறைவாகப் பிடிப்பார், நடக்கவும் செய்வார். எது காப்பாற்றியது என்று பின்தொடர்ந்து பார்ப்பதால் மட்டும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. காரட்டைத் தாராளமாகத் தின்னுங்கள். மாத்திரைக் கடைக்காரரிடம் மட்டும் இந்த 18-ஐச் சொல்லிப் பாருங்கள்.

மரபணுவைப் பார்த்தால் தலையெழுத்து தெரிந்துவிடுமா? (வைத்தீஸ்வரன்கோவில்)

உங்கள் ஊர் நாடி ஜோதிடத்துக்குப் போட்டி வந்துவிட்டதா! பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் கெடுதலான மாற்றம் உள்ள பெண்களில் 100-க்குச் சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. தெரிந்தால் பரிசோதனைகளைச் சீக்கிரமே தொடங்கலாம். ஆனால் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குப் பல மரபணுக்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சமாய் ஏற்றி இறக்குகின்றன. அதைக் கண்டுபிடிக்கப் பெருங்கூட்டம் வேண்டும். பிரிட்டனின் பயோபேங்க் இதற்காகவும் 5 லட்சம் பேரின் ரத்தத்தை வாங்கி வைத்திருக்கிறது.

நம் ஊரில் இதெல்லாம் யார் செய்வது? (தாம்பரம்)

பக்கத்திலேயே செய்தார்கள். 1998 முதல் 2001 வரை சென்னையில் 35 வயதுக்கு மேற்பட்ட 5 லட்சம் பேரிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டது டாக்டர் கஜலட்சுமியின் குழு. பிறகு இறப்புகளைக் கணக்கெடுத்தார்கள். குண்டானவர்களைவிட, எடை மிகக் குறைந்தவர்களிடம்தான் சாவு அதிகமாக இருந்தது; அதில் காசநோய்க்குப் பெரிய பங்கு.