வைகைக்கும் கடலுக்கும் என்ன விரோதம்?

கேள்வி: நதிகளெல்லாம் சமுத்திரத்தைச் சேர, வைகை மட்டும் ஏன் சேருவதே இல்லை?
– ஒரு வாசகர், மானாமதுரை

பதில்: விரோதம் ஒன்றுமில்லை, கையில் மிஞ்சினால்தானே கடலுக்குக் கொடுக்க! வருஷநாட்டு மலையில் உற்பத்தியாகி, வடக்கே ஓடி, சுருளியாற்றையும் சேர்த்துக்கொண்டு கிழக்கே திரும்பும் இந்நதி, மதுரை, தங்கள் மானாமதுரை, பரமக்குடி என்று சுமார் 160 மைல் பிரயாணம் செய்வதற்குள், வழிநெடுகக் காத்திருக்கும் கால்வாய்களுக்கும் கண்மாய்களுக்கும் தன் பிரவாகத்தையெல்லாம் தானம் செய்துவிட்டு, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அமர்ந்துவிடுகிறது. பெருவெள்ளம் வந்தால், ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணையை எட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆகையால் தாங்கள் தீர்ப்பெழுதியது சற்று அவசரம்.

இந்தத் தானத்திலும் ஒரு பங்கு அயல்வீட்டுச் சொத்து என்பதுதான் வேடிக்கை. மேற்கே அரபிக்கடலை நோக்கி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் துரை அணைகட்டி மறித்து, மலையைக் குடைந்து, அதன் நீரில் ஒரு பகுதியை 1895இல் வைகையின் பக்கம் திருப்பிவிட்டார். கடலுக்குரிய இன்னொரு நதியின் நீரையும் வாங்கி வைத்துக்கொண்ட பழி அன்றுமுதல் வைகையைச் சேர்ந்தது. மதுரைச் சீமை உழவர்கள் எவரும் இதற்கு ஆட்சேபம் தெரிவித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.