எதுன்னாலும் சரி சித்தப்பா

"எனக்கு எதுன்னாலும் சரி தம்பி. நீங்க எப்படி முடிவு பண்ணாலும் ஓகே. எனக்காக எதையும் மாத்திக்காதீங்க."

இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார் என்றால் உஷாராகிவிட வேண்டும். துடைத்து முடித்து, மறுபடி மாட்டிக்கொண்டதும் ஓர் "ஆனா" வரும். உங்கள் வீட்டில் அவர் பெரியப்பாவாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம். எங்கள் வீட்டில் சித்தப்பா. ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர்.

பாரிஸ் போகலாம், டிஸ்னிலாண்டில் ஒரு நாள், மிச்ச நாள் நகரத்தில், சித்தப்பா சித்தியையும் அழைத்துக்கொண்டு என்று வீட்டில் பேச்சு எழுந்தது. எந்த மாதம் போவது என்று கேட்டேன். எப்பனாலும் சரி என்றார். மே என்றேன். "தாராளமா. ஆனா வைகாசியில ரெண்டு கல்யாணப் பத்திரிகை வந்து கெடக்கு." ஜூலைக் கடைசி? "ஆடியிலயா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார், அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? செப்டம்பர் கடைசி புரட்டாசிச் சனிக்கிழமைகளில் போய் மோதியது. அக்டோபரில் தீபாவளி. நவம்பரில் அடைமழை, மாடிக் குழாய் அடைத்துக்கொண்டால் பார்க்க ஆள் இல்லை. டிசம்பர் என்றதும், "அங்க பனி கொட்டுமேப்பா, குழந்தைக்கு ஆகுமா?" என்றார். குழந்தை ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், பனியில் புரள வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

கவனியுங்கள், அவர் எந்த மாதத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் சம்மதம். சம்மதித்துவிட்டுக் கூடவே ஒரு தகவலைத் தருவார், அவ்வளவுதான். தகவல் சொன்னவர் மீது யாராவது கோபப்பட முடியுமா? கடைசியில் பள்ளி முழுப்பரீட்சை முடிந்த ஏப்ரல் மூன்றாவது வாரம் ஒன்றுதான் தகவல் எதுவும் இல்லாமல் எஞ்சியிருந்தது. "நான் அப்பவே நெனச்சேன், ஏப்ரல்தான் தோதுப்படும்னு" என்றார். நினைத்ததை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், "நான் எதுக்குப்பா குறுக்க?" என்பார்.

அடுத்தது டிக்கெட். டிஸ்னிலாண்ட் பாரிஸில் தேதி போட்டு வாங்கும் டிக்கெட்டுக்கு நாளைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். அதனால் வாங்குவதாக இருந்தால் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். 3 வயதுக்குள் இருந்தால் இலவசம். 12 ஆகிவிட்டால் முழுக் கட்டணம். எழுபதை நெருங்குகிற சித்தப்பாவும், பன்னிரண்டு முடிந்த பொடியனும் அங்கே ஒரே ஜாதி. இதைச் சொன்னதுதான் தாமதம், கண்ணாடி கழன்றது.

"எனக்கு எதுக்குப்பா டிக்கெட்? நீங்க உள்ள போய் நல்லா சுத்திட்டு வாங்க. நான் வெளியில உட்கார்ந்துக்கறேன்."

"வெளியிலன்னா எங்க சித்தப்பா?"

"ஸ்டேஷன்லதான். பெஞ்சு இருக்கும்ல? மாயவரம் ஜங்ஷன்ல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துட்டுப் போறேன்."

இதில் எரிச்சல் என்னவென்றால், யோசனையில் பூகோள ரீதியாகக் குற்றம் சொல்ல முடியாது. பாரிஸுக்குக் கிழக்கே 32 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த இடம். ஆர்.இ.ஆர். ஏ ரயில் அங்கேயே போய் முடிகிறது. மார்ன்-ல-வாலே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பூங்கா வாசல். அதிவேக ரயிலும் அங்கே நிற்கும். ரயில்வே மனிதருக்குப் பொழுது போகாது என்று நான் வாதாட முடியவில்லை. ஆனால் சென்னையிலிருந்து ஒரு மனிதரை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு ரயில்வே ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு வந்தோம் என்று ஊருக்குத் தெரிந்தால் அத்தை சும்மா விடுவாரா? கெஞ்சினோம். குழந்தையை விட்டுக் கெஞ்சச் சொன்னோம். வாங்கிய பிறகு, "வாங்கிட்டியா? சரி, வாங்கினதை என்ன பண்றது" என்றார். அவர் எங்களுக்காக விட்டுக்கொடுத்தார் என்றுதான் குடும்பத்தில் இன்றுவரை பேச்சு.

விசா கதையை வளர்த்துவதில்லை. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாமல் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றபோது, "எனக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். போட்டோவுக்கு நெற்றியைத் துடைக்கலாமா என்றபோது, "எதுன்னாலும் சரி. ஆனா விபூதி இல்லாம அந்த மூஞ்சி யாரோடதுன்னு எனக்கே தெரியாது" என்றார். இது மட்டும் எனக்கு நியாயமாகப் பட்டது. விபூதியோடுதான் எடுத்தோம், விசா வந்துவிட்டது.

இப்போது சிரிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் வாயிலிருந்து மட்டும் வராது. பாரிஸ் மெட்ரோ 1900-ல் தொடங்கியது. பழைய லைன்களில் பெரும்பாலான ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது, படிதான். பிற்பாடு வந்த 14-ம் லைனில்தான் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட். ஆகவே பஸ்ஸிலேயே போகலாம், வழியில் ஊரையும் பார்க்கலாம் என்று நான் திட்டம் போட்டேன். "பஸ் எதுக்கு? மெட்ரோன்னாலும் எனக்கு சரிதான்" என்றார். சரி என்று மெட்ரோவில் இறங்கினால், படிக்கட்டு திரும்பும் இடத்திலெல்லாம் நின்று சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தை ஊன்றிப் படிப்பார். பிரெஞ்சு. ஒரு எழுத்து புரியாது. ஒரு கை மட்டும் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும். "வலிக்குதா சித்தப்பா?" "சேச்சே, சும்மா பார்த்தேன்."

வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன? டிஸ்னிலாண்ட் வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் கௌரவம் போய்விடுமா? அவர் சொல்லவும் மாட்டார், உட்காரவும் மாட்டார். பத்தடிக்கு ஒரு பெஞ்சைப் பார்த்து, "நீங்க போய்ட்டு வாங்க" என்பார். தனியாக விட மனசு கேட்காமல் நாங்கள் முறை வைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் அவரோடு உட்கார்ந்தோம். விளைவு, கோட்டைக்கு அடியில் படுத்திருக்கும் டிராகனை என் மனைவி பார்க்கவில்லை. 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகில் நான் ஏறவில்லை. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர் அந்த நினைப்பாலேயே ஒரு குடும்பத்தைத் தூக்கிச் சுமக்க வைக்கிறார். நேரில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது. "அவளுக்கும் எதுன்னாலும் சரிதான்."

சித்தியிடம் கேள்வி கேட்டால் பதில் சித்தப்பாவிடமிருந்து வரும். ஈஃபில் டவர் பேச்சு வந்த அன்றைக்கும் அப்படித்தான். ஒருநாள் அவர் வாக்கிங் போன நேரம் பார்த்து, அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சித்தியிடம் தனியாகக் கேட்டேன். கத்தி நிற்கவில்லை, பதில் தயாராக வந்தது. "உச்சி வரைக்கும் போகணும். ரெண்டாவது மாடியோட நிறுத்திடாத. ராத்திரி மணிக்கு மணி அஞ்சு நிமிஷம் மினுக்குமாமே, அதைக் கீழ நின்னு பார்க்கணும். அப்புறம் ஆத்துல அந்த போட்." எப்போதிலிருந்து இந்த ஆசை என்று கேட்டேன். 1969-ல் 'சிவந்த மண்' வந்தபோதிலிருந்து என்றார். ஸ்ரீதர் ஐரோப்பாவுக்கே போய் எடுத்த படம். சித்தி அப்போது பாவாடை சட்டை. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு பட்டியல் மனசில் இருந்திருக்கிறது, ஒரு மனிதரும் கேட்கவில்லை.

உச்சிக்கான டிக்கெட் இணையத்தில் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும், யோசிக்க நேரம் கிடையாது. நான் லேப்டாப்பைத் திறந்ததும் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். "ரெண்டாவது மாடியே போதுமே. 330 மீட்டர் உயரமாம். அவளுக்கு உயரம்னா தலை சுத்தும்."

சித்தி முறத்தைக் கீழே வைத்தார். "எனக்கு எப்பங்க தலை சுத்திச்சு?" பிறகு என் பக்கம் திரும்பி, "அவருக்கு எதுன்னாலும் சரிதான். நீ உச்சிக்குப் போடு" என்றார். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், "ஆனா" வரவே இல்லை.

உச்சியில் சித்திக்குத் தலை சுற்றவில்லை. சித்தப்பா சுவரோரமாகவே நின்றார். ஏப்ரலில் பாரிஸில் ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. விளக்கு மினுக்குவதற்குள் அவருடைய தூங்கும் நேரம் தாண்டிவிட்டது, அதையும் தகவலாகத் தெரிவித்தார். சித்தி கோபுரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவர் தரப்பிலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிஸ்னிலாண்டுக்குள்ளே பூங்காவைச் சுற்றி வருகிற ஒரு ரயில் உண்டு. நாலு ஸ்டேஷன், நிஜமான நீராவி எஞ்சின். பெஞ்சிலிருந்து அதன் விசில் காதில் விழுந்ததும் மனிதர் எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஏறி ஒரு சுற்று வந்தார், இறங்கவில்லை, இன்னொரு சுற்று. என் மகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு பாய்லர் எது, பிஸ்டன் எது, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இதையெல்லாம் எப்படிப் பிரித்துப் போடுவார்கள் என்று விளக்கிக்கொண்டே வந்தார். அவள் அன்றைக்குப் பார்த்த இளவரசிகளையெல்லாம் மறந்துவிட்டாள், பிஸ்டன் மட்டும் ஞாபகம் இருக்கிறது. இவரையா ஸ்டேஷனில் உட்கார வைக்க இருந்தோம் என்று தோன்றியது. இறங்கியதும், "அடுத்து எங்க போலாம் சித்தப்பா?" என்று கேட்டுத் தொலைத்தேன். பதிலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அவரை மடக்கியவர் ஒரே ஒருவர்தான். கார் டு நோர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு காபிக் கடை. லா ஷப்பேலில் நம் ஆட்கள் நடத்தும் கடைகளில் காய்கறியும் மிக்சரும் வாங்கிக்கொண்டு களைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். பரிமாறுகிறவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு ஏப்ரன், கையில் சின்ன நோட்டு. என்ன வேண்டும் என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"எனிதிங்" என்றார் சித்தப்பா, பெருந்தன்மையாக.

அந்த மனிதர் எழுதவும் இல்லை, நகரவும் இல்லை. "மெஸ்யூ?" என்றார்.

"எனிதிங் ஈஸ் ஆல்ரைட் ஃபார் மீ."

"மெஸ்யூ?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் மெனுவைப் பார்த்தேன். என் மனைவி ஜன்னலைப் பார்த்தாள். பேனா நோட்டின் மேலேயே நின்றது. பக்கத்து மேஜையில் ஒருவர் குடித்து முடித்து எழுந்து போனார். பேனா அப்படியே இருந்தது.

"காபி" என்றார் சித்தப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு.

வெறும் காபி என்றால் அங்கே சுண்டைக்காய் அளவு கோப்பையில் கறுப்பாகத்தான் வரும், பால் வேண்டுமென்றால் 'கஃபே க்ரெம்' என்று கேட்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். அவ்வளவுதான், திறந்துகொண்டது. "பால் போடச் சொல்லு. பால் நிறைய வேண்டாம், முக்கால்வாசி. நல்லா கொதிச்சிருக்கணும், வெதுவெதுன்னு கொண்டாந்துடப் போறான். நுரை மேல நிக்கக் கூடாது. சர்க்கரை தனியா, நான் போட்டுக்கறேன், ஒண்ணரை ஸ்பூன். ஆத்திக்க இன்னொரு டம்ளர் காலியா வேணும்." எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அத்தனையும் சொன்னேன். அந்த மனிதர் முகம் மாறாமல் அத்தனையும் எழுதிக்கொண்டார். வந்த காபியும் ஏறக்குறைய அப்படியே இருந்தது, காலி டம்ளர் உட்பட.

சித்தப்பா ஆற்ற ஆரம்பித்தார். சித்தி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "இத்தனை வருஷம் அடுப்படியில நின்னுக்கிட்டு என்ன வேணும் என்ன வேணும்னு கேட்டேன் பாரு, நானும் ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, கையில நோட்டை வெச்சுக்கிட்டுல்ல நின்னிருக்கணும்!"