முடக்கொற்றன் முதல் பூனை வரை: பட்டப்பெயரியல் ஆய்வு

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரித்துவைத்துப் போனார். ஏன் என்று கேட்கக் கூடாதது இடுகுறி: மண், மரம். கேட்டால் பதில் உள்ளது காரணம்: பறப்பதால் பறவை. பள்ளியில் இதை மனப்பாடம் செய்த நாம், நம் பெயர்களுக்கே இதைப் பொருத்திப் பார்க்காமல் விட்டது பெருங்குறை. அதைப் போக்கவே இக்கட்டுரை. களப்பணி நடந்த இடம் எங்கள் தெருமுனை டீக்கடை பெஞ்சு. செலவு நாளுக்கு இரண்டு டீ. நல்கை எதுவும் கிடைக்கவில்லை.

முதல் முடிவு: பெற்றோர் வைக்கும் பெயர் எல்லாம் இடுகுறியே. காரணப்பெயர்போல வேஷம் கட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். குழந்தைவேலு எண்பது வயதிலும் குழந்தைவேலு; சின்னத்தம்பி வாசல்படியில் குனிந்துதான் நுழைகிறார். தொட்டிலில் கிடப்பது எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரியுமுன்பே இட்ட பெயர் வேறெப்படி இருக்கும்?

பட்டப்பெயர் அப்படியல்ல. அது ஆளைப் பார்த்து, நடையைப் பார்த்து, வாங்கிய கடனைப் பார்த்து, உரியவரைக் கேட்காமல் ஊர் கூடி இடுவது. இயற்பெயர் பிடிக்காவிட்டால் அரசிதழில் அறிவித்து மாற்றிக்கொள்ளலாம். பட்டப்பெயரை மாற்ற எந்த அலுவலகத்திலும் விண்ணப்பம் கிடையாது. கோபித்துக்கொண்டால் அது இன்னும் கெட்டிப்படும் என்பது பெஞ்சின் ஒருமித்த கருத்து.

இதற்குத் தொல்காப்பியத்திலேயே இடம் இருக்கிறது. பெயரியலில் இயற்பெயர், சினைப்பெயர், சினைமுதற்பெயர், முறைப்பெயர் என்று ஒரு வகுப்பு வரும். சினை என்றால் உறுப்பு. உறுப்பையும் ஆளையும் சேர்த்துச் சொல்வது சினைமுதற்பெயர். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் முடக்கொற்றன். ‘மொட்டை மணி’ என்று கூப்பிடும்போது நாம் பண்பாடு கெட்டுப்போகவில்லை, தொல்காப்பிய வழியில் நிற்கிறோம் என்று கொள்க. புறநானூற்றுப் புலவர்களில் பெருந்தலைச் சாத்தனார் என்று ஒருவர் உண்டு. பெருந்தலை என்பது ஊர்ப்பெயர் என்று சமாதானம் சொல்வார்கள். பெஞ்சில் அதை யாரும் நம்பவில்லை.

அடுத்த வகை, தன் வாயாலேயே வாங்கிக்கொண்ட பெயர். குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் யாருக்கும் தெரியாது. பாட்டில் வந்த தொடரையே எடுத்து செம்புலப்பெயனீரார் என்றார்கள். குப்பைக்கோழியார், விட்டகுதிரையார், அணிலாடு முன்றிலார் எல்லாரும் இப்படி வந்தவர்களே. இந்த மரபு அறுந்துபோனதாக வருந்துவோர் சினிமா நடிகர் ‘என்னத்தே’ கன்னையாவை மறந்தவர்கள். அவர் உதிர்த்த ஒரு சொல்லே அவர் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கோடம்பாக்கம் இன்னும் ஒரு படி மேலே போய்ப் படத்தின் பெயரையே இனிஷியல் ஆக்கியது. 1980இல் வந்த நிழல்கள் ரவிக்கு முன்னால் நின்றது. 1965இல் வந்த வெண்ணிற ஆடை, மூர்த்திக்கும் நிர்மலாவுக்கும் சேர்த்துக் கிடைத்தது. வெள்ளைக்காரன் கணக்கில் இருவரும் ஒரே குடும்பம்.

பெயருக்கும் பட்டப்பெயருக்கும் நடுவே நாம் போடும் பாலம் (எ). ‘என்கிற’ என்பதன் சுருக்கம். போலீஸ் கேஸ் செய்தியிலும் அது உண்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் உண்டு. அதன் வலிமையை நான் நேரில் கண்டது சென்ற ஆண்டு, ஒரு பிரஸ்ஸில்.

எங்கள் தெருப் பெரியவர் காலமாகியிருந்தார். ஊருக்கு அவர் பூனை. மூத்த மகன் போட்டோவை மேஜைமேல் வைத்து, இயற்பெயரையும் இனிஷியலையும் எழுதிக் கொடுத்தார். பிரஸ்காரர் படித்துவிட்டு, “அப்பாவை இந்தப் பேர்ல யாருக்குண்ணே தெரியும்?” என்றார்.

“சாவுலகூட அதைப் போடணுமா?”

“போடலைன்னா வேற யாரோன்னு ஊரு வீட்லயே இருந்துடும்.”

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மகனே பேனாவை வாங்கி (எ) போட்டு, பக்கத்தில் பூனை என்று எழுதினார். பிரஸ்காரர் அதை இயற்பெயரைவிடப் பெரிய எழுத்தில் வைத்தார். ஊர் திரண்டு வந்தது.

காரணத்தை விசாரிப்பது ஆய்வாளன் கடமை. பெஞ்சில் மூன்று கொள்கைகள் கிடைத்தன. சின்ன வயதில் பால் திருடினார். கண் பச்சையாக இருக்கும். ராத்திரி சுவரேறிக் குதித்து இரண்டாம் ஆட்டத்துக்குப் போவார். மூன்றையும் சொன்னவர்கள் அடித்துச் சொன்னார்கள். உண்மையைப் பார்த்தவர்கள் எல்லாம் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இதற்குள் அது வீட்டுப்பெயராகவும் ஆகி, தபால்காரருக்கே பூனை வீடு என்றால்தான் விளங்கும்.

காரியத்துக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேரன் பெஞ்சுக்கு வந்து, தாத்தாவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டான். இருந்ததிலேயே மூத்தவர் டீ கிளாஸை ஒரு ஆட்டு ஆட்டி, கடைசி வாயைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

“பூனைன்னா பூனைதான் தம்பி. அதுக்கென்ன காரணம்?”