விமானம் வந்த ஊர்

ஆக்லாந்தில் சனிக்கிழமை விமானம் ஏறினால் நியூவே தீவில் வெள்ளிக்கிழமை போய் இறங்கலாம். நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு. "எங்கள் ஊர் எதிலும் ஒரு நாள் பின்னால்தான்" என்பார் என் பக்கத்து வீட்டு நியூவேக்காரப் பாட்டி.

அவருடைய சின்ன வயதில் கப்பல் வந்தால்தான் மாவும் மண்ணெண்ணெயும். ஆனால் ஊர் நிறைய ஆள். 1966-ல் சுமார் 5,200 பேர். விமான நிலையம் வந்தால் ஊர் எங்கேயோ போய்விடும் என்றார்களாம். 1970 வாக்கில் வந்தது. போனது ஊர்க்காரர்கள். கையில் நியூசிலாந்துக் குடியுரிமை இருக்கும்போது யார் உட்கார்ந்திருப்பார்கள்? பாட்டியும் ஏறிவிட்டார்.

இன்று அங்கே வசதிக்கு என்ன குறை? 1974 முதல் சுயாட்சி. 2003-லேயே நாடு முழுக்க இலவச வைஃபை என்று அறிவித்தார்கள். 2008-ல் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மடிக்கணினி. சட்டசபையில் 20 உறுப்பினர்கள், மேலே ஒரு பிரதமர். ஆளத்தான் 1,700 பேர்கூட இல்லை. நியூசிலாந்தில் இருக்கும் நியூவேக்காரர்கள் 30,000-க்கு மேல்.

பாட்டியுடன் ஒருமுறை போயிருந்தேன். வாசலிலேயே அவர் அப்பாவின் சமாதி, வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. பின்னால் வீட்டுக்குக் கூரை இல்லை. 2004 ஹீட்டா புயல் கொண்டுபோனது. சன்னல் வழியாகப் பப்பாளி மரம் தலை நீட்டியிருந்தது. செப்பனிட்டு யாரையாவது குடிவைக்கலாமே என்றேன். முடியாதாம். நிலம் குடும்பப் பொதுச்சொத்து, பங்காளிகள் சம்மதிக்க வேண்டும். பங்காளிகளோ ஆக்லாந்திலும் சிட்னியிலும். சமாதிக்குச் சுண்ணாம்பு அடிக்க மட்டும் ஒருவரும் ஆட்சேபிப்பதில்லை.

போன வருஷம் அவருடைய கொள்ளுப்பேரனுக்கு முடிவெட்டு விழா. பையனுக்கு வருஷக்கணக்கில் முடி வளர்த்து, சின்னச் சின்னச் சடைகளாகப் பின்னி, ஒவ்வொன்றுக்கும் ரிப்பன் கட்டியிருந்தார்கள். சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒரு சடையை வெட்டிவிட்டுப் பணம் வைக்க வேண்டும். ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். கொடுத்த தொகைக்கு ஏற்றபடி சேப்பங்கிழங்கும் பன்றிக்கறியும் பங்கு பிரித்துத் தருகிறார்கள். மொய் நோட்டு நம் கண்டுபிடிப்பு என்று நான் வைத்திருந்த பெருமை அன்றோடு போயிற்று.

விழா நடந்தது ஆக்லாந்து மண்டபத்தில். கிழங்கு மட்டும் ஊரிலிருந்து வந்திருந்தது.

"ஊரிலேயே வைத்திருக்கலாமே பாட்டி?"

"வைக்கலாம். மொய் எழுத அங்கே யார் இருக்கிறார்கள்?" என்றவர், கடைசி வரிசைக்குக் கறி போகவில்லை என்று சத்தம் போட எழுந்து போனார்.