ரயில் ஓடுகிற மலையில் நடந்து போன கதை

பேர்ண்,
சுவிற்சர்லாந்து.

அன்புள்ள மச்சான்,

 

போன கிழமை நீ தொலைபேசியில், “ரயில் போற இடத்துக்கு ஏன்ராப்பா நடந்து போனனி?” என்று கேட்டாய். மனுசி பக்கத்தில் நின்றபடியால் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊரில் ஒருவன் நாள் முழுக்க நடந்தான் என்றால், ஒன்றில் அவனுக்குக் கடைசி பஸ் தவறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதிர்காமத்துக்கு நேர்த்தி இருக்க வேண்டும். இங்கே சம்பளம் தருகிற முதலாளியே ஒருநாள் உணவகத்தைப் பூட்டிவிட்டு வேலையாட்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். குசினியில் நின்று நின்று கால் வீங்கினவனுக்கு இளைப்பாற்றல் என்று இவர்கள் தருவது ஒரு முழுநாள் நடை.

போனது கிரின்டெல்வால்ட் என்ற மலையூரிலிருந்து வெங்கன் என்ற மலையூருக்கு. நடுவில் கிளைன சைடெக் என்று ஒரு கணவாய். கிரின்டெல்வால்ட் 1034 மீற்றர், கணவாய் 2061, வெங்கன் 1274. பீதுருதாலகாலை 2524 இருக்கிற நாட்டுக்காரனை இந்தக் கணக்கால் வெருட்ட ஏலாது. வெருட்டுவது பக்கத்தில் நிற்கிற ஆட்கள்: 3967 மீற்றர் ஐகர், 4100 ஐத் தாண்டின மொன்க், 4158 மீற்றர் யுங்பிராவ். மூன்றும் தோளோடு தோள் உரச வரிசையாக நிற்கும். நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பேர்ணிலிருந்து இன்டர்லாக்கன் வரை சாதாரண ரயில், அங்கிருந்து மலை ரயில். அந்த மலை ரயில் சுவைலுட்சினன் என்ற இடத்தில் இரண்டாகக் கழன்று, ஒரு பாதி கிரின்டெல்வால்டுக்கும் மறுபாதி லவுட்டர்புறுனனுக்கும் போகும். பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்து ஏற வேண்டும். எங்களோடு வேலை செய்கிற போர்த்துக்கல்காரன் கோப்பிக் கோப்பையோடு மறுபாதியில் குந்திவிட்டான். எங்களுக்குக் கை காட்டியபடியே போய்விட்டான். அவனைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிரின்டெல்வால்டில் இறங்கியதும் ஏற்றம் என்று நினைக்காதே. முதல் வேலை இறக்கம். ஊருக்குக் கீழே 943 மீற்றரில் குறுன்ட் என்று ஒரு பள்ளம். அதுவரை இறங்கி, ஆற்றைக் கடந்து, பிறகுதான் ஏற வேண்டும். சும்மா நின்ற எங்கள் தலையில் இன்னும் தொண்ணூறு மீற்றரைக் கட்டிவிட்டார்கள். சுவிஸ்காரர் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

பாதையைச் சொல்ல வேண்டும் மச்சான். இந்தச் சின்ன நாட்டில் 65,000 கிலோமீற்றர் அளவுக்கு நடைபாதைகள் இருக்கின்றன. 1979 இல் சனத்திடம் வாக்கெடுத்து, நடைபாதைகளின் பொறுப்பை அரசியலமைப்பிலேயே ஏற்றிவிட்டார்கள். எங்கள் நாட்டு அரசியலமைப்பில் எழுதினதெல்லாம் நடந்த கதை உனக்குத் தெரியும். இங்கே எழுதினதில் நாங்களே ஏறி நடக்கலாம்.

சந்திக்குச் சந்தி மஞ்சள் பலகை. அதில் தூரம் எழுதமாட்டார்கள், நேரந்தான் எழுதுவார்கள். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் போகிற ஓர் ஆளை வைத்து, ஏற்ற இறக்கத்துக்கும் கணக்குப் போட்டு, இளைப்பாறுகிற நேரத்தைச் சேர்க்காமல் எழுதுகிறார்களாம். அந்த ஆள் தேத்தண்ணி குடிக்காத, மனுசியிடமிருந்து போன் வராத ஆளாக இருக்க வேண்டும். என்னால் அவனைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் குசினியில் பாத்திரம் கழுவுகிற எரித்திரியப் பொடியன் மட்டும் அவனைத் தாண்டிப் போனான். முதலாளி வாயைப் பிளந்தார். இதில் அதிசயம் என்ன? அவன் பிறந்த அஸ்மாரா 2300 மீற்றருக்கு மேலே இருக்கிற பட்டணம். நாங்கள் நாக்குத் தள்ள ஏறுகிற கணவாய் அவனுடைய வீட்டு முற்றத்தைவிடப் பள்ளம். பனையில் ஏறினால்தான் உயரம் என்ற ஊரில் பிறந்த நான் அவனோடு போட்டி போடலாமா?

இன்னொரு புதினம். மலையில் எதிரே வருகிற எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். பேர்ண் பக்கத்து வழக்கப்படி “குறுயெசெக்!” என்று முகம் மலர்ந்து சொல்வார்கள், நாங்களும் திருப்பிச் சொல்ல வேண்டும். மூச்சு வாங்குகிறபோது அந்த ஒரு சொல்லே பெரும்பாரம். எங்கள் மாடிக்கட்டடத்தில் மேல்வீட்டுக்காரர் லிப்டில் என்னைக் கண்டால் சுவரைப் பார்ப்பார். உடுப்புத் தோய்க்கிற முறைநாளில் மெசினைப் பத்து நிமிசம் பிந்தி விட்டால் மட்டும் கதைப்பார். அவரும் இந்த மலைக்கு வந்தால் எனக்கு வணக்கம் வைப்பார் என்றுதான் நினைக்கிறேன். இந்தச் சனத்தின் மனம் திறப்பதற்கு ஆயிரத்தைந்நூறு மீற்றராவது வேண்டும்.

அல்பிக்லன் என்ற இடம் வந்ததும் ஐகரின் வடக்குச் சுவர் தலைக்குமேல். ஒரே கறுப்புக் கல், இடுக்கெல்லாம் பனி, 1800 மீற்றர் உயரம். கழுத்து நோகப் பார்த்தாலும் உச்சி பிடிபடாது. 1938 இல் இரண்டு ஜேர்மன்காரரும் இரண்டு ஒஸ்திரியரும் முதன்முதல் இதில் ஏறி முடித்தார்கள். அதற்கு முன்னம் முயன்று செத்தவர்கள் உண்டு. கணவாய் ஹோட்டலில் நின்றவர்கள் தொலைகாட்டியால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்தக் கல்லுக்குள்ளேயே குடைந்து ரயிலும் விட்டிருக்கிறார்கள். 1896 இல் தொடங்கி 1912 இல் 3454 மீற்றருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். குடைந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைப்புக்கு வந்த இத்தாலியர். எந்த நாட்டு மலையென்றாலும் குடைகிறதற்கு வெளியூர்க்காரன்தான் வரவேண்டியிருக்கிறது.

அல்பிக்லனில்தான் சாப்பாடு. மற்றவர்கள் பாணும் சீஸும் அப்பிளும் எடுத்தார்கள். நான் மனுசி கட்டித்தந்த ரொட்டியையும் இடித்த சம்பலையும் அவிழ்த்தேன். வாசம் போன திசையெல்லாம் ஆட்கள் திரும்பினார்கள். தலைமைச் சமையற்காரர் ஒரு துண்டு கேட்டு வாங்கி, சம்பலை நிறையத் தொட்டு வாயில் வைத்தார். பிறகு எழும்பிப் போய், மாடு தண்ணி குடிக்கிற தொட்டிக் குழாயில் வாயை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார். மாடுகள் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றன.

கணவாய்க்கு ஏறி முடித்தால் அங்கே ஒரு ரயில் நிலையம், கடை, சனக்கூட்டம். பட்டுச்சேலைக்குக் கீழே சப்பாத்துப் போட்ட ஓர் அம்மாவும் குடும்பமும் என்னைக் கண்டு ஓடிவந்தார்கள். “சார், மேல போற ட்ரெயின் எங்க நிக்குது?” என்றார் ஐயா. “அந்தப் பக்கம் சிவப்பு ரயில் நிக்குது, கெதியாப் போங்கோ” என்றேன். “நீங்க கேரளாவா?” “இல்லை, யாழ்ப்பாணம்.” “அட, தெனாலி!” என்று குடும்பமே குதூகலித்தது. கமல் நடித்த அந்தப் படம் வந்தது 2000 ஆம் ஆண்டு; கால் நூற்றாண்டாகியும் எங்களுக்கு அதுதான் அடையாள அட்டை. நான் நடந்து வந்தேன் என்றதும் ஐயா என்னை இரக்கத்தோடு பார்த்து, “ஏன் சார், ட்ரெயின் கிடைக்கலையா?” என்றார். உன்னுடைய ஒன்றுவிட்ட சகோதரமாக இருக்கலாம்.

அவர்களுக்குப் பின்னால், வெயில் விழுகிற வாங்கில், காலை நீட்டிக்கொண்டு எங்கள் போர்த்துக்கல்காரன்! லவுட்டர்புறுனனிலிருந்து மறுபக்க ரயிலில் ஏறி எப்போதோ வந்துவிட்டான். கையில் இரண்டாவது பியர். முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஒருவரும் அவனை ஏசவுமில்லை, பாராட்டவுமில்லை. முதலாளி மட்டும், “நீ ஐகரைப் பார்த்தாயா?” என்று கேட்டார். “ஓம், அது அங்கேதானே நிக்குது” என்றான்.

இறக்கத்தில் வெங்கர்னல்ப் என்ற இடத்தில் நாங்கள் கனநேரம் இருந்தோம். எதிரே யுங்பிராவ், நடுவில் ஒரு பள்ளத்தாக்கு மட்டும். திடீரென்று மலையின் நெஞ்சில் ஒரு வெள்ளைக் கோடு சத்தமில்லாமல் சரிகிறது. மாவைக் கொட்டினதுபோலத் தூசு எழும்புகிறது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறபோதுதான் இடி வந்து சேர்கிறது. பனிப்பாளம் உடைந்து விழுகிறதாம். எங்கள் ஆட்களுக்கு வானத்தில் ஒரு சத்தம் கேட்டால் உடம்பு தானாகக் குனியும், உனக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தச் சத்தத்துக்கு நான் குனியவில்லை. எரித்திரியப் பொடியன் குனிந்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அங்கிருந்து வெங்கன் வரை முழங்கால் பட்ட பாட்டை எழுதினால் உன் கண்ணும் கலங்கும். வெங்கனுக்குக் கார் வரப் பாதை இல்லை, ரயில் மட்டுந்தான். வந்த எல்லோரும் அந்த ரயிலில் ஏறி இருந்துகொண்டு, இனி நடக்கத் தேவையில்லை என்று சந்தோசப்பட்டார்கள். அடுத்த வருசம் எங்கே நடப்பது என்ற கதையும் அதே பெட்டியிலேயே தொடங்கிவிட்டது.

விசா சரிவந்தால் ஆடி ஆவணியில் வா. முந்தி வந்தால் மேலே பனி கிடக்கும். சப்பாத்து அங்கே வாங்காதே. இங்கே மலிவு விற்பனை வரும், கால் அளவை எழுதி அனுப்பு. போர்த்துக்கல்காரனோடு ரயிலில்தான் வருவாய் என்றால் அதையும் இப்போதே சொல்லு. மலை ரயில் ரிக்கற் விலைக்கு நான் இப்போதிருந்தே காசு சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்