முதுகு தரிசனம்

2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்துக்கு மெஸ்ஸி வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்குக் கிடைத்ததென்னவோ, செல்ஃபிக்கு முண்டியடித்த அரசியல்வாதிகள், பிரமுகர்களின் முதுகு தரிசனம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மனிதர் கிளம்பிவிட்டார். தண்ணீர் பாட்டில் பறந்தது, நாற்காலி பெயர்ந்தது. ஒருவர் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கொடுத்த காசுக்குக் கையில் ஏதோ கிடைத்தவர் அன்று அவர் ஒருவர்தான்.

இதே மைதானத்தில்தான் 2024 ஜூன் 6 அன்று, குவைத்துடன் ஆடிவிட்டு, சுனில் சேத்ரி இந்தியக் கால்பந்து அணியிலிருந்து விடைபெற்றார். அதுவரை நாட்டுக்காக 94 கோல். 2002-இல் மீசை அரும்பும் வயதில் மோகன் பகானில் சேர்ந்தவர். அப்புறம் ஜேசிடி, ஈஸ்ட் பெங்கால், டெம்போ, சிராக் யுனைடெட், மறுபடியும் மோகன் பகான், சர்ச்சில். நடுவே அமெரிக்கா, போர்ச்சுகல். நாட்டிலேயே அதிகம் கோல் அடித்தவனுக்கே இந்த நாடோடிப் பிழைப்பு என்றால் மற்றவன் கதி? ஜேசிடியை 2011-இல் இழுத்தே மூடிவிட்டார்கள். 2018-இல் மும்பையில் அவர் ஹாட்ரிக் அடித்ததைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். திட்டுவதற்காகவாவது வாருங்கள் என்று அந்த மனிதர் வீடியோ போட்டுக் கெஞ்சினார்.

சரி, மாலை போட்டு அனுப்பியாயிற்றே, விட்டார்களா? பத்து மாதம் ஆவதற்குள், 2025 மார்ச்சில், நாற்பது வயதுக்காரரை மறுபடி அழைத்தார்கள். 140 கோடிப் பேரில் கோல் அடிக்க வேறு ஆள் அகப்படவில்லையாம்! எப்படி அகப்படுவான்? முன்களத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் இறக்குவதுதான் நம் கிளப்புகளின் வழக்கம். உள்ளூர்ப் பையன் ஓரத்தில் ஓடிப் பந்தைத் தள்ளிவிட்டு, அடுத்தவன் அடிக்கும் கோலுக்குக் கைதட்டலாம்.

மெஸ்ஸி வருவதற்கு ஐந்து நாள் முன்னால், டிசம்பர் 8 அன்று, ஐஎஸ்எல் கால்பந்துத் தொடரை நடத்தும் ஒப்பந்தம் காலாவதியானது. அதற்கு முன்பே, அடுத்து நடத்த டெண்டர் விட்டுப் பார்த்தார்கள். ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. சேத்ரி ஆடும் பெங்களூரு எஃப்சி ஆகஸ்டிலேயே ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. நம்ம சென்னையின் எஃப்சி தற்காலிகமாகக் கடையைச் சாத்தியது. நவம்பரில் மோகன் பகானும் அதே வழியில் போனது. கையசைக்க வந்தவருக்கு லேக் டவுனில் 70 அடிச் சிலை; ஆடிப் பிழைக்க வந்தவனுக்குப் பட்டை நாமம்.

மெஸ்ஸி நிகழ்ச்சி நாறியதும் எத்தனை சுறுசுறுப்பு! ஏற்பாட்டாளர் கைதானார், முதல்வர் மன்னிப்புக் கேட்டார், விசாரணைக் குழு அமைந்தது, விளையாட்டு அமைச்சரின் பதவி போயிற்று. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே இதே கொல்கத்தாவில் கோல் காத்தவர். இப்போது நாற்காலியைக் காக்கிறார். சம்பளம் நின்ற ஆட்டக்காரனுக்காக அங்கே ஒருவர்கூடப் பதவி விலகவில்லை.