வெள்ளைச்சாமிக்கு நடுக்கம்

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஓய்வூதியத்தை அரசாங்கம் கொடுத்துவிடுகிறது. ஓய்வை ஊர்தான் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் கொடுப்பதாக இல்லை. அன்னவாசல் பக்கம் எந்த ஆடு இருமினாலும் என் வாசலில் வந்துதான் இருமும். கோழி கழுத்தைத் தொங்கப் போட்டால் கட்டைப்பையில் போட்டு எடுத்து வந்துவிடுவார்கள். நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். டாக்டர் ஃபீஸ் கேட்பார், இவர் கேட்கமாட்டார் என்கிற வித்தியாசம் மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இந்த இலவச சேவை போன சித்திரையில் கடல் கடந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் வாட்ஸ்ஆப் வீடியோ அழைப்பு. என் மனைவியின் அண்ணன் மகன், டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, வெள்ளைச்சாமிக்கு உடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுது."

வெள்ளைச்சாமி அவனோடு அறையில் தங்கியிருக்கும் பையன் என்று நினைத்த என் மனைவி, "மிளகு ரசம் வச்சுக் குடுப்பா, கம்பளியை நல்லாப் போத்தி விடு" என்றாள். அவன் கேமராவைத் திருப்பினான். பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சளும் வெள்ளையுமாக, 14 அடி நீளத்தில் ஒரு மலைப்பாம்பு. என் மனைவி அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாம்பு டெக்சாஸில்தான் இருக்கிறது என்று நான் வெளியிலிருந்து எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "போனை ஆஃப் பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

அது பர்மிய மலைப்பாம்பு. பிறவியிலேயே கறுப்பு நிறமி இல்லாத ரகம். அங்கே இதற்கென்று ஒரு உரிமம் இருக்கிறதாம், வாங்கி வைத்திருக்கிறான். இங்கே இவன் இந்த வேலையைச் செய்திருந்தால் ஜாமீன் எடுக்க நான்தான் அலைந்திருக்க வேண்டும். மலைப்பாம்பு நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. புலிக்கு இருக்கும் மரியாதை அதற்கும் உண்டு. பிடித்து வளர்த்தால் குறைந்தது 3 வருஷம், கூடப்போனால் 7 வருஷம் உள்ளே. இருந்தும் ஆசை யாரை விட்டது? 2023 ஜூலைக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியைச் சுங்கத்துறை திறந்து பார்த்தபோது 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. அந்த விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டில்தான் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதே வழியாக அதே ஊரிலிருந்து காலம் காலமாகக் கோடாலித் தைலம்தான் கொண்டுவந்து கொண்டிருக்கிறார்கள்.

எனக்கும் மலைப்பாம்புக்கும் முன்பழக்கம் இல்லாமல் இல்லை. விராலிமலை, நார்த்தாமலை பக்கத்துப் பாறையிடுக்குகளிலும் தைலமரக் காட்டிலும் அது உண்டு. அவ்வப்போது வயலுக்கோ கிணற்றுக்கோ வந்துவிடும். தீயணைப்புத் துறை ஆட்கள் சாக்கோடு வந்து பிடித்து வனத்துறையிடம் கொடுப்பார்கள். நான் வேலையில் இருந்தபோது ஒரு பெரியவரின் ஆட்டுக்குட்டியை மலைப்பாம்பு விழுங்கிவிட்டது. காப்பீடு செய்த குட்டி. காப்பீட்டுப் பணம் வேண்டுமென்றால் காதில் மாட்டிய வில்லையைக் கொண்டுவர வேண்டும். வில்லை காதில் இருக்கிறது, காது குட்டியில் இருக்கிறது, குட்டி பாம்புக்குள் இருக்கிறது. பெரியவர் விண்ணப்பத்தோடு என்னைப் பார்க்கிறார், நான் பாம்பைப் பார்க்கிறேன், அது யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை. நல்லவேளை, இரை எடுத்த மலைப்பாம்பைத் தொந்தரவு செய்தால் தப்பி ஓடுவதற்காக விழுங்கியதைக் கக்கிவிடும். சாக்கில் போடும் அமளியில் குட்டி வெளியே வந்தது, வில்லையோடு. என் பணிக்காலத்தில் அவ்வளவு சுத்தமான ஆவணத்தோடு போன கோப்பு வேறு இல்லை.

ஆனால் அது இரை எடுத்த பாம்பு. நடுங்குகிற பாம்பை நான் கண்டதில்லை. பாம்பைக் கண்டு நடுங்குகிறவர்களைப் பார்த்தே வாழ்ந்தவன் நான். தெரியாது என்று சொன்னால் டெக்சாஸில் நம் மானம் போகும். ஆகவே தெரிந்த வழியில் இறங்கினேன்.

"சாணி போட்டுச்சா?"

"மாமா, இது பாம்பு."

"தீனி எடுக்குதா?"

"ரெண்டு மாசத்துக்கு மேலயே சாப்பிடலை."

"கன்னு போட்டு எத்தனை நாளாச்சு?"

அவன் அந்தச் சூழ்நிலையிலும் சிரித்துவிட்டான். "மாமா, இது ஆம்பளை. பேரே வெள்ளைச்சாமி."

கேட்டது பழக்க தோஷத்தால். கறவை மாடு கன்று போட்ட கையோடு நடுங்கிக்கொண்டு படுத்தால் அது பால் காய்ச்சல்; ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சட்டென்று இறங்கிவிடும். டாக்டர் வந்து நரம்பில் கால்சியம் ஏற்றினால் பாட்டில் முடிவதற்குள் மாடு எழுந்து நின்று தவிட்டுத் தண்ணீர் கேட்கும். கால்நடைத் துறையில் கைதட்டல் வாங்கக்கூடிய வைத்தியம் அது ஒன்றுதான். அதனால், "கால்சியம் குறைச்சலா இருக்கும் மாப்ளே" என்று சொல்லிவைத்தேன்.

சொல்லிவிட்டேனே தவிர மனசு ஒப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்திருப்பவள். நிஜ டாக்டர். கோலம் போட்டுக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "எலியை எலும்போட முழுசா முழுங்குற ஆளுக்குக் கால்சியம் எதுக்கு பெரியப்பா?" என்றாள். அதற்கப்புறம் நான் போன் பிடிக்கும் ஆளாக மட்டும் பணியாற்றினேன்.

அவள் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. "நடுங்குறது உடம்பா, தலையா?"

அதில்தான் எல்லாம் இருக்கிறதாம். தலை மட்டும் தள்ளாடுவது, காரணமில்லாமல் வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே நிற்பது, மல்லாக்கப் புரட்டிவிட்டால் திரும்பத் தெரியாமல் திணறுவது, இதெல்லாம் மூளையும் நரம்பும் கெட்டதற்கு அடையாளம். போவா, மலைப்பாம்பு வகைகளுக்கென்றே ஒரு வைரஸ் நோய் இருக்கிறது. மலைப்பாம்புக்கு வந்தால் வேகமாக ஆளை முடித்துவிடும், மருந்தும் கிடையாது. செதிலுக்கடியில் உண்ணி பிடித்தது என்று பூச்சி மருந்தை அடித்துவிட்டு, அந்த விஷமே ஏறி வலிப்பு வந்த பாம்புகளும் உண்டு. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், எச்சிலில் நுரை கட்டினால், சூடு தாங்காமல் புரண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. இன்னொரு கூத்தையும் சொன்னாள். ஆப்பிரிக்க பந்து மலைப்பாம்பில் 'ஸ்பைடர்' என்றொரு ரகத்தை, தோலில் சிலந்தி வலை மாதிரி கோலம் விழுகிறது என்பதற்காகவே இனம் பெருக்கி விற்கிறார்கள். அந்த மரபணுவோடு தலை ஆட்டமும் ஒட்டிக்கொண்டே வருகிறது. தலை ஆடுகிற பிள்ளைதான் வேண்டும் என்று விலை கொடுத்து வாங்குகிற சனம் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இதை அவள் சொல்லச் சொல்ல டெக்சாஸில் அவனுக்கு நடுக்கம் வந்துவிட்டது.

"அண்ணே, நீங்க நடுங்காம போனைப் பிடிங்க" என்றாள். "பெட்டிக்குள்ள எத்தனை டிகிரி?"

"78 ஃபாரன்ஹீட். ஹீட்டர் ரெண்டு நாளா வேலை செய்யலை. வீட்டுல ஏசி ஓடுது."

நம் கணக்கில் 26-க்குள். அவள் படத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். பாம்பு சும்மாடு மாதிரி இறுக்கமாகச் சுற்றிப் படுத்திருந்தது; தலை நடுவில், மேலே, ஆடாமல் அசையாமல். உடம்பு மட்டும் விட்டுவிட்டு, ஒரே தாளத்தில், விக்கல் எடுக்கிற மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது.

"இது ஆம்பளைன்னு யார் சொன்னாங்க?"

கடைக்காரர் சொன்னாராம். குட்டியாக வாங்கும்போது சொன்னது. அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. மலைப்பாம்பில் பெண்ணுக்குத்தான் ஆகிருதி. ஆணுக்குக் கழிவுத் துவாரத்தின் இரண்டு பக்கமும் பழைய காலத்துக் காலின் மிச்சமாக இருக்கும் நகம் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதை நம்பியும் முடிவு சொல்ல முடியாது. மருத்துவர் மெல்லிய கம்பியைச் செலுத்தி அளந்துதான் உறுதியாகச் சொல்வார். 14 அடிக்கு வளர்ந்து நிற்கும் ஒரு ஜீவனை வெறும் பெயரை வைத்தே ஆம்பளை என்று நம்பியிருக்கிறான் என் மருமகன்.

சுருளைப் பிரிக்க வேண்டாம், போனைத் தரையோடு தரையாக வைத்து இடுக்கில் வெளிச்சம் காட்டுங்கள் என்றாள். ஒரு சீறல் கேட்டது. அடுப்பங்கரையில் ஒரு பாத்திரம் விழுந்தது. இரண்டு சுருளுக்கு நடுவில் வெள்ளையாக, உருண்டையாக ஒன்று, அதையொட்டி இன்னொன்று.

முட்டை!

அடைகாக்கும் பர்மிய மலைப்பாம்பு நடுங்கித்தான் சூடு உண்டாக்குகிறது. தானாகச் சூடு உண்டாக்க முடியாத பிராணி என்று பாடப் புத்தகத்தில் படித்த அதே பாம்பு, அந்த இரண்டு மாதம் மட்டும் தசையைச் சுருக்கிச் சுருக்கி அடுப்பு எரிக்கிறது. 1830-களில் இந்தியாவில் இருந்து திரும்பிய லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பாரிஸ் அறிஞர்களிடம் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. 1841-இல் பாரிஸ் மிருகக்காட்சிசாலையிலேயே ஒரு மலைப்பாம்பு அடைக்கு உட்கார்ந்தது. வலென்சியன் என்ற விஞ்ஞானி வெப்பமானியைச் செருகிப் பார்த்துவிட்டு உண்மைதான் என்றார். 1966-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 'சயின்ஸ்' இதழில் கணக்கையே கொடுத்துவிட்டார்கள்: சுற்றுப்புற வெப்பம் 33 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தாய்க்குத் துடிப்பு தொடங்கும், குளிர் கூடக் கூடத் துடிப்பும் கூடும். அவர்கள் சோதித்ததும் வெள்ளைச்சாமியின் இனத்தைத்தான்.

எங்கள் ஊர்க் கத்திரி வெயிலில் அடைகாத்தால் நடுங்குகிற வேலையே இருக்காது.

"ஹீட்டரைச் சரி பண்ணிச் சூட்டை ஏத்துங்க. நடுக்கம் குறைஞ்சா தாய். குறையலைன்னா நேரா டாக்டர்" என்றாள் அந்தப் பெண். அவன் புது ஹீட்டரை மாட்டினான். சூடு ஏற ஏற, விக்கல் நின்று நின்று வந்தது, பிறகு அடங்கிவிட்டது. மலைப்பாம்பை உடனே வெந்நீரில் போடவோ போர்வையால் மூடவோ வேண்டாம் என்றும் எச்சரித்தாள். போர்வை வெளியிலிருந்து வரும் சூட்டையும் தடுத்துவிடும். கம்பளி யோசனை சொன்னவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது அப்போதுதான்.

"புருஷன் இல்லாம எப்படி முட்டை?" என்பது அவள் கேள்வி. நாட்டுக்கோழி சேவல் இல்லாமலும் முட்டையிடும், அது கூமுட்டை என்று விளக்கினேன். இந்தப் பெண் அதோடு விடாமல், அமெரிக்காவில் லூயிவில் உயிரியல் பூங்காவில் தெல்மா என்ற மலைப்பாம்பு 2012-இல் ஆணே இல்லாமல் 6 குட்டி பொரித்த கதையையும் சொல்லிவைத்தாள். மரபணுச் சோதனையிலும் தாய் மட்டும்தான் தெரிந்ததாம்.

"அப்ப ஆம்பளைக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்ட என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் நாளிதழைத் தேடினேன்.

அங்கே ஊர்வன வைத்தியர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். பெண் என்று உறுதி செய்தார். முட்டைகளுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் கூமுட்டை என்றார். அவர் கொடுத்த பில்லை ரூபாயாக மாற்றினால் இங்கே கன்றோடு ஒரு கறவை மாடு வாங்கலாம். முட்டையை எடுத்த பிறகும் கொஞ்ச நாள் அது வெறும் இடத்தையே சுற்றிப் படுத்துக்கொண்டிருந்ததாம். பெட்டியைக் கழுவி வாசனையை எடுத்ததும் சரியாகிவிட்டது. முதல் இரையும் எடுத்துவிட்டது.

இதிலே எனக்கு ஒரு வருத்தம் மட்டும் உண்டு. ஃப்ளோரிடாக் காடுகளில், வளர்த்தவர்கள் விட்டதும் தப்பியதுமாக இதே பர்மிய மலைப்பாம்பு பெருகிப் போய், பிடித்து மாளாமல் 2017-இல் நம் இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் இங்கிருந்து அழைத்துப் போனார்கள். 2023-இல் அவர்கள் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவுக்குப் போய்ப் பாம்பைப் பிடித்துக் கொடுத்த தமிழனுக்கு விருது. பணம் கொடுத்துப் பாம்பை வாங்கிப் பெட்டியில் வைத்த தமிழனுக்கு நான் ராத்தூக்கம் கெட்டு வைத்தியம் பார்க்கிறேன்.

என் மனைவி இப்போது அழைப்பு வந்தால் கதவைச் சாத்துவதில்லை. பிள்ளை பெற்ற உடம்பு என்று ஒரு கரிசனம் வந்துவிட்டது. ஒரு டப்பா பிரசவ லேகியம் கிளறி வைத்திருக்கிறாள். எலிக்குள் வைத்துக் கொடுக்கச் சொல்லி யோசனை. வேண்டாம் என்று பக்கத்து வீட்டு டாக்டர் தடுத்ததால் டப்பா அலமாரியில் இருக்கிறது, நான்தான் தினமும் ஒரு உருண்டை எடுத்துக்கொள்கிறேன். பெயரை வெள்ளையம்மாள் என்று மாற்றியே ஆக வேண்டும் என்பதில் மட்டும் அவள் பிடிவாதமாக இருக்கிறாள். மருமகனும் சம்மதித்துவிட்டான். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதும் அது வந்ததில்லையாம்.